மருந்தும் சொல்லும்: ஒரு கருவியும் இரு கவிஞரும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேசும் அவையில் மருத்துவத்தைப் பற்றி உரையா என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். அவ்வினா நியாயமானதே. எனினும், எந்த மருந்தும் வாய்க்குள் செல்வதற்கு முன் செவிக்குள் செல்கிறது. 'இத்தைலம் இன்ன நோயை இத்தனை நாளில் தீர்க்கும்' என்பது முதலில் ஒரு வாக்கியம். பின்னரே அது புட்டி. அவ்வாக்கியத்தை ஆக்கித் தருபவர் பல வேளைகளில் மருத்துவர் அல்லர். சொல்லாட்சி கைவந்த ஒருவர். எனவே, மெய்ப்பிக்கப்படாத மருத்துவம் பற்றிய வழக்கில் எழுதுவோரும் ஒரு தரப்பினர் ஆகின்றனர்.

அமெரிக்க இலக்கிய வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. ஒரே மருத்துவக் கருவியைப் பற்றி இரண்டு கவிஞர்கள் எழுதினர். ஒருவர் அதன் விற்பனைக்குத் தம் பாட்டைத் தந்தார். மற்றவர் ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, அது எவ்வாறு விலைபோயிற்று என்பதை ஆராய்ந்து உரைத்தார். இவ்விருவரின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

இழுகோலின் தோற்றம்

கனெக்டிகட் மாநிலத்துப் பிளெயின்ஃபீல்டில் வாழ்ந்த மருத்துவர் எலிஷா பெர்க்கின்ஸ். அவர் 1796ஆம் ஆண்டு ஒரு கருவிக்கு அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார். கருவி என்பது ஏறத்தாழ மூன்றங்குல நீளமுள்ள இரண்டு உலோகத் துண்டுகள். ஒரு முனை கூரியது, மறுமுனை உருண்டையானது. ஒன்று பித்தளை நிறம், மற்றொன்று எஃகு நிறம். நோவுள்ள இடத்தின்மேல் இவற்றைச் சிறிது நேரம் இழுத்துத் தேய்த்தால் நோவு உடலைவிட்டு இழுக்கப்படும் என்பது அவர் கூற்று. இழுப்பது என்னும் பொருள்பட அவர் இட்ட பெயர் 'டிராக்டர்'. உழவு வண்டிக்கு அப்பெயர் வழங்குவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்திய செய்தி இது. குழப்பம் நேராதிருக்க இழுகோல் என்று ஈண்டு வழங்குதல் தகும்.

அக்காலத்தில் இக்கூற்று நகைப்புக்குரியதாகத் தோன்றவில்லை. தவளையின் கால் உலோகம் பட்டுத் துடிப்பதைக் கண்டு, உயிருடலில் மின்சாரம் உண்டு என்று இத்தாலிய அறிஞர் கால்வானி 1791இல் எழுதியிருந்தார். புதிய அறிவியலின் பெயரைச் சொல்லி விற்பது அன்றே தொடங்கிவிட்டது. கனெக்டிகட் மருத்துவச் சங்கம் 1797இல் பெர்க்கின்ஸை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. விற்பனையோ குறையவில்லை. மருத்துவ உலகம் தம்மை ஒடுக்குகிறது என்பதே புதிய விளம்பரமாயிற்று.

பெர்க்கின்ஸை வஞ்சகர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மை அத்தனை எளிதன்று. 1799இல் நியூயார்க் நகரை மஞ்சள் காய்ச்சல் வாட்டியபோது, தாம் கண்டறிந்ததாக நம்பிய மற்றொரு மருந்துடன் அவர் அந்நகருக்குச் சென்றார். நோயாளரிடையே சில வாரங்கள் உழைத்தார். அங்கேயே காய்ச்சல் கண்டு மாண்டார். தம் சொல்லைத் தாமே நம்பியவர் அவர். தவறான மருத்துவத்தைப் பரப்புவோர் யாவரும் பொய்யர் அல்லர் என்பதும், நம்பிக்கையின் தூய்மை மருந்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பதும் இவ்வொரு வாழ்விலேயே விளங்குகின்றன.

நற்சான்றுகளின் பெருக்கம்

தந்தையின் கருவியை மகன் பெஞ்சமின் இலண்டனுக்குக் கொண்டுசென்றார். ஓர் இணையின் விலை ஐந்து கினி. ஏழைத் தொழிலாளி எட்டவியலாத தொகை. அவர் வெளியிட்ட நூலின் வலிமை அதிலிருந்த நற்சான்றுகள். சான்றளித்தோருள் பேராசிரியர் 8 பேர், மருத்துவர் 21 பேர், அறுவை மருத்துவர் 19 பேர், பாதிரிமார் 30 பேர். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பன்னிரண்டு மருத்துவர்கள் இக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்து, அதற்கு ஆதரவான முடிவுகளை நூலாகவே வெளியிட்டனர். கல்வி ஒருவரை இவ்வகை மயக்கத்திலிருந்து தானாகவே காப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இச்சான்றுகளுள் பெரும்பாலானவை பொய்யல்ல என்பதே கருதத்தக்கது. நோவு இருந்தது, கோல் இழுக்கப்பட்டது, நோவு குறைந்தது. கண்டதைக் கண்டவாறே எழுதினர். 'இதன் பின் நிகழ்ந்தது' என்பதை 'இதனால் நிகழ்ந்தது' என்று வாசித்ததில்தான் பிழை இருந்தது. மூட்டு நோவு போன்றவை தாமே ஏறி, தாமே தணியும் இயல்பின. தாங்கவியலாமல் ஏறிய நாளில்தான் நோயாளி மருந்தைத் தேடுகிறார். அதன்பின் இயல்பாகத் தணிவதன் புகழ் மருந்துக்குப் போய்ச் சேர்கிறது. குணமானவர் கடிதம் எழுதுகிறார்; குணமாகாதவர் வேறு மருத்துவரை நாடுகிறார்; இறந்தவர் எழுதுவதில்லை.

பாத் நகரத்துச் சோதனை

இம்முடிச்சை அவிழ்த்தவர் ஜான் ஹேகார்த் என்னும் ஆங்கில மருத்துவர். அவர் சென்ற வழிக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1784இல் பாரிசில், மெஸ்மரின் 'உயிர்க்காந்த' மருத்துவத்தை ஆராயப் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தனர். காந்தமேற்றிய மரம் எதுவென்று அறியாத சிறுவன் ஒருவன் வேறொரு மரத்தடியிலேயே மயங்கி விழுந்ததை அவர்கள் கண்டனர். விளைவுக்குக் காரணம் காந்தமன்று, கற்பனையே என்று முடிவு கூறினர்.

ஹேகார்த் மரத்தால் போலி இழுகோல்கள் செய்வித்து, உண்மைக் கருவிபோலத் தோன்றுமாறு வண்ணம் பூசுவித்தார். 1799 ஜனவரி 7ஆம் நாள், பாத் நகர மருத்துவமனையில் நாட்பட்ட வாதநோயுற்ற ஐவருக்கு அப்போலிக் கோல்கள் இழுக்கப்பட்டன. ஐவருள் நால்வர் நோவு தணிந்தது என்றனர். மறுநாள் உண்மையான உலோகக் கோல்கள் இழுக்கப்பட்டன. விளைவு ஏறத்தாழ அதுவே. பிற இடங்களில் எலும்புத் துண்டு, சிலேட்டுக் குச்சி, புகைக்குழாய் ஆகியவற்றைக் கொண்டும் இதே 'குணம்' பெறப்பட்டது.

1800இல் அவர் வெளியிட்ட சிறுநூலின் தலைப்பு, உடல்நோய்க்குக் காரணமாகவும் மருந்தாகவும் கற்பனை அமைவதைக் கூறுவது. கவிஞர்கள் சற்றே நின்று நோக்கத்தக்க தலைப்பு அது. கற்பனை பொய் என்று ஹேகார்த் சொல்லவில்லை. அது உடலையே தொடும் ஆற்றல் என்றார். இன்று மருந்துப்போலி விளைவு என்று மருத்துவம் வழங்குவது இதனையே. நோவு, உறக்கமின்மை, குமட்டல் போன்று நோயாளி தாமே உணர்ந்து சொல்லுபவற்றில் அதன் செல்வாக்கு மிகுதி. ஆயின் அதற்கு எல்லை உண்டு. புற்றுக்கட்டியை அது கரைப்பதில்லை, கிருமியைக் கொல்வதில்லை, சுரக்காத இன்சுலினைச் சுரக்கச் செய்வதில்லை.

முதற் கவிஞர்

மரக்கோல்களின் உண்மை இலண்டன் வணிகத்தை உடனே வீழ்த்தவில்லை. அப்போது துணைக்கு வந்தவர் தாமஸ் கிரீன் ஃபெசண்டன் என்னும் அமெரிக்கக் கவிஞர். நீரிறைக்கும் புதிய பொறியொன்றின் முகவராக 1801இல் இலண்டன் வந்தவர். அம்முயற்சி தோற்றுப் பணமுடையில் இருந்தவர். பெர்க்கின்ஸின் எதிரிகளைத் தாக்கி எழுதுமாறு அவர் வேண்டப்பட்டார். 1803இல் கிறிஸ்டபர் காஸ்டிக் என்னும் புனைபெயரில் அவரது அங்கதப் பாட்டு வெளிவந்தது.

அதன் அமைப்பு நயமானது. இழுகோலால் பிழைப்பிழந்து பட்டினி கிடக்கும் மருத்துவன் ஒருவன், இக்கொடிய கருவியை ஒழித்துக்கட்டுமாறு அரச மருத்துவக் கழகத்துக்கு விண்ணப்பம் செய்வதாகப் பாட்டு நடக்கிறது. படிப்போர் நகைக்கின்றனர். நகைத்தவுடன், கருவியை எதிர்ப்போர் யாவரும் பிழைப்புக்காக எதிர்ப்போர் என்னும் எண்ணம் நெஞ்சில் படிந்துவிடுகிறது. ஹேகார்த்தின் சோதனைக்கு அப்பாட்டு விடை கூறவில்லை. விடை வேண்டாத மனநிலையை உண்டாக்கியது. நூல் நன்கு விற்றது. அடுத்த ஆண்டில் இலண்டனில் பெர்க்கின்ஸின் பெயரால் ஓர் இலவச மருத்துவ நிலையமும் எழுந்தது. பின்னர்ச் சில ஆண்டுகளில் யாரும் எதிர்க்காமலே இழுகோல் மறக்கப்பட்டது.

ஃபெசண்டன் தீயவர் அல்லர். பிற்காலத்தில் அவருடன் பழகிய நாவலாசிரியர் நத்தானியல் ஹாதார்ன், அவரது மறைவுக்குப் பின் எழுதிய நினைவுக் கட்டுரையில் அவரை எளிய, நேர்மையான மனிதராகவே காட்டுகிறார். அதுவே கவலை தருவது. நல்லவர் ஒருவர், நல்ல எள்ளல் திறத்துடன், நோயாளியை ஒருமுறையும் நினையாமல் எழுதிவிட இயலும்.

இரண்டாம் கவிஞர்

ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இருபத்தொரு வயதில் புகழ்பெற்ற கவிஞர். உடைக்கப்படவிருந்த பழைய போர்க்கப்பல் ஒன்றைப் பற்றி 1830இல் அவர் எழுதிய பாட்டு நாட்டு மக்களைக் கிளர்ந்தெழச் செய்து அக்கப்பலைக் காத்தது. சொல்லின் வலிமையை இளமையிலேயே அறிந்த அவர், பின்னர்ப் பாரிசில் மருத்துவம் பயின்றார். நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு ஒப்பிட்டே மருந்தை மதிப்பிட வேண்டும் என்னும் பியேர் லூயியின் நெறியை அங்கே கற்றார். 1836இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றார்.

1842இல் பாஸ்டன் நகரில், ஹோமியோபதியையும் அதற்கு இனமான மயக்கங்களையும் பற்றி அவர் இரு சொற்பொழிவுகள் ஆற்றினார். இழுகோலின் வரலாற்றை அவற்றில் விரிவாக எடுத்துரைத்தார். அதனுடன் மேலும் மூன்று பழைய மருத்துவங்களைச் சேர்த்தார். கண்டமாலை நோய்க்கு அரசர் தொட்டுக் குணப்படுத்தும் வழக்கம் ஒன்று, ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சனைக் குழந்தைப் பருவத்தில், 1712இல், ஆன் அரசியார் அவ்வாறு தொட்டார், நோய் நீங்கவில்லை. மெய்யியலாளர் பெர்க்லி ஆயர் பரப்பிய தார்நீர் மற்றொன்று. புண்ணில் தடவாமல் புண்செய்த வாளில் தடவும் களிம்பு இன்னொன்று. வாளில் களிம்பு பூசியபோது புண் ஆறியது உண்மை. புண்ணைக் கழுவிக் கட்டி, அன்றைய தீய மருந்துகள் எவற்றையும் அதன்மேல் இடாமல் விட்டதனால் அது ஆறியது.

ஹோமியோபதி மிகப் பரவியதற்கும் இவ்விளக்கம் பெரிதும் பொருந்தும். அக்காலத்து மருத்துவர் குருதி வடித்தனர். பாதரச உப்பைப் பேதிக்குக் கொடுத்தனர். பெர்க்கின்ஸ் மாண்ட அதே 1799இல், தொண்டை நோயுற்ற ஜார்ஜ் வாஷிங்டனிடம் ஒரே நாளில் பலமுறை குருதி வடிக்கப்பட்டது; அவர் அன்றிரவே இறந்தார். அத்தகைய மருத்துவத்தைவிட, ஏதும் இல்லாத அளவுக்கு நீர்த்த மருந்து நோயாளிக்கு நலமாகவே இருந்திருக்கும். இனிமையாகப் பேசி, நெடுநேரம் கேட்டு, தீங்கற்ற ஒன்றைக் கொடுத்தவரிடம் மக்கள் சென்றதில் வியப்பில்லை. ஆயினும் தீங்கின்மை வேறு, நோய்தீர்க்கும் ஆற்றல் வேறு. ஆஸ்திரேலிய நாட்டின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வு மன்றம் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கி, ஹோமியோபதி எந்நோய்க்கேனும் பயன்தரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015இல் அறிவித்தது.

ஹோம்ஸ் பிறரைக் குறைகூறியதோடு நின்றிருந்தால், தம் தொழிலைக் காத்துக்கொண்டார் என்று ஃபெசண்டனின் பாட்டைக் காட்டி எள்ளியிருக்கலாம். அவர் நிற்கவில்லை. மறு ஆண்டே, 1843இல், தாய்மாரைக் கொன்றுகொண்டிருந்த பேறுகாலக் காய்ச்சலைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அந்நோயை ஒரு படுக்கையிலிருந்து மறு படுக்கைக்குச் சுமந்து செல்வோர் மருத்துவரும் மருத்துவச்சியருமே என்று சான்றுகளை அடுக்கிக் காட்டினார். பட்டம் பெற்ற மருத்துவ உலகம் சினந்தது. மருத்துவர் பண்பாளர், பண்பாளர் கைகள் தூயவை என்ற கருத்துப்படப் பிலடெல்பியாப் பேராசிரியர் ஒருவர் மறுத்தார். வியன்னாவில் செம்மல்வைஸ் கைகழுவலை வற்புறுத்தி அதே உண்மையை மெய்ப்பித்தது 1847இல். ஹோம்ஸ் பின்வாங்காமல் 1855இல் அக்கட்டுரையை மீண்டும் அச்சிட்டார். இழுகோலுக்கு எந்த அளவுகோலோ, தம் தோழர்களின் கைகளுக்கும் அதே அளவுகோல். அவரது பெருமை இவ்விடத்தில்தான் உள்ளது.

பழைய ஏடும் புதிய சோதனையும்

இவ்வரலாற்றைக் கேட்டு, மரபு மருத்துவம் அனைத்தையும் ஒதுக்கச் சொல்லுவதாக ஒருவர் கொள்ளலாகாது. சீன நாட்டின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய மருத்துவ ஏடுகளைப் படித்தார். கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய நூலில், ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துமாறு சொல்லப்பட்டிருந்தது. காய்ச்சுமாறு சொல்லப்படவில்லை. வெப்பம் மருந்துப் பொருளை அழித்துவிடுகிறதோ என்னும் ஐயம் அவருக்கு அவ்வாக்கியத்தால் பிறந்தது. தாழ்ந்த வெப்பத்தில் சாறெடுக்கும் முறைக்கு மாறினார். விலங்குகளில் சோதித்தார்; 1972இல் தம் உடலிலேயே சோதித்தார்; பின் நோயாளரிடம் சோதித்தார். அவ்வழியில் கிடைத்த ஆர்டிமிசினின் பல இலட்சம் உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் இலக்கியம் பயில்வோர்க்கு உரிய செய்தி உண்டு. ஏட்டில் இருப்பதனாலேயே அம்மருந்து ஏற்கப்படவில்லை. ஏட்டில் இருப்பதனாலேயே தள்ளப்படவும் இல்லை. ஒரு வினைச்சொல்லைக் கூர்ந்து படித்த வாசிப்பு சோதனைச்சாலைக்கு வழிகாட்டியது. சித்தர் பெயரில் வழங்கும் தமிழ் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் செய்யுளில் அமைந்தவை. அவற்றைப் பிழையறப் பதிப்பித்தலும், மூலிகைப் பெயர்களையும் அளவைகளையும் ஐயமறத் தெளிவித்தலும் தமிழாய்வாளர் கடன். சந்தம் அமைந்திருப்பதனால் செய்யுள் சொல்லும் பயன் மெய்யாகிவிட்டதென்று மேடையில் முழங்குதல் அக்கடனைச் சார்ந்ததன்று.

சொல்லைக் கட்டும் சட்டம்

இந்தியச் சட்டமும் இதில் சொல்லின் பங்கை உணர்ந்துள்ளது. மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்களைத் தடுக்க 1954இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, பக்கவாதம் முதலிய பட்டியலிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தலை அது தடுக்கிறது. தடுக்கப்படுவது மருந்தன்று, வாக்கியம்.

அண்மை எடுத்துக்காட்டு யாவரும் அறிந்ததே. பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றத்துக்கு அளித்த உறுதிமொழியை நிறுவனம் மீறியதாக அவமதிப்பு வழக்கு எழுந்தது. 2024 ஏப்ரலில் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிடப்பட்டது. விளம்பரங்கள் இருந்த அளவில் மன்னிப்பும் இருந்ததா என்று நீதிபதிகள் வினவினர். அவ்வாண்டு ஆகஸ்டில் மன்னிப்பு ஏற்கப்பட்டு அவமதிப்பு வழக்கு முடிக்கப்பட்டது.

அளவு பற்றிய அவ்வினா சிறுமையானதன்று. நீரிழிவுள்ள குழந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1922இல் டொரண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன், இன்சுலின் சுரப்பு அற்றுப்போன குழந்தைகள் சாவதே இயல்பாக இருந்தது. இன்றும் அத்தகைய குழந்தைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் போகும். முழுப்பக்க வாக்குறுதியைப் படித்து ஊசியை நிறுத்தும் பெற்றோர் மூடர் அல்லர்; பிள்ளைக்கு நாள்தோறும் ஊசி குத்தும் துயரிலிருந்து விடுபட விரும்பியவர்கள். அவர்களுடைய அன்பே அவ்வாக்கியத்துக்கு இரையாகிறது. மூலையில் சிறிய எழுத்தில் வரும் மறுப்பு அவர்கள் கண்ணில் படாமலே போகலாம்.

இலக்கிய அமைப்புகளின் கடமை

விழா மலர் எதுவாயினும் விளம்பரமின்றி அச்சேறுவது அரிது. மருத்துவ நிலையங்களின் திறப்பு விழாவுக்கு வாழ்த்துப்பா வேண்டிக் கவிஞர்களிடம் வருவோர் உண்டு. மருத்துவ நூலுக்கு அணிந்துரை வேண்டிப் பேராசிரியர்களிடம் வருவோரும் உண்டு. அன்பர் கேட்கும்போது மறுப்பது கடினம். அத்தருணத்தில் கேட்கத்தக்க வினாக்கள் நான்கு. எத்தனை பேருக்குக் கொடுத்து எத்தனை பேருக்குக் குணமாயிற்று? மருந்து பெறாதவரோடு ஒப்பிடப்பட்டதா? கணக்கெடுத்தவர் விற்பவரா, வேறொருவரா? உயிர்காக்கும் வேறு மருந்தை நிறுத்துமாறு சொல்லப்படுகிறதா? முதல் மூன்றுக்கு விடை கிடைக்காவிடில் வாழ்த்துவதைத் தள்ளிவைக்கலாம். நான்காவதற்கு விடை 'ஆம்' என்றால் ஒரு வரியும் தருதல் ஆகாது. ஆங்கில மருந்தைப் போற்றி எழுதக் கேட்டாலும் இவ்வினாக்கள் இவையே.

ஃபெசண்டனின் பாட்டை இன்று சுவைக்காகப் படிப்போர் அரியர். ஹோம்ஸின் 1843ஆம் ஆண்டுக் கட்டுரையில் அணிநயம் தேடிப் படிப்போரும் அரியர். ஆனால் மகப்பேற்று அறைக்குள் நுழையும் ஒவ்வொரு மருத்துவரும் இன்று கைகழுவிய பின்னரே நுழைகிறார். அவ்வழக்கத்துக்காக முதலில் வாதாடியவர்களுள் ஒருவர் கவிஞர் என்பது கவிதை அமைப்புகள் பெருமையுடன் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அவ்வழியிலும் நடந்து பல்லாண்டு சிறப்பதாகுக.